பாதிரியார் கேட்ட ஒரு மணி நேரம்

குன்னூர், செவ்வாய்

இன்று பாதிரியார் கடைக்கு வந்தார். என் தேயிலை லாரியில் மூட்டை சரிந்து செத்த முருகனின் மனைவி செல்வி சொல்வதை, ஒரு மாதமாக அவர் உட்கார்ந்து கேட்கிறாராம். சும்மா யார் கேட்பார்கள்? பின்னால் வக்கீல் இருப்பான்.

"எவ்வளவுங்க எதிர்பார்க்கறாங்க?" என்றேன்.

"பணம் பேச வரலீங்க. மூட்டைய அவ்வளவு உசரம் ஏன் அடுக்கச் சொன்னீங்கன்னு அந்தப் புள்ள கேக்குது. லாரியில ஏறறதுக்கு முன்னாடி முருகன் அதுகிட்ட போன்ல சொன்னாராம். ஒரு மணி நேரம் வந்து அது பேசறத நீங்க கேக்கணும்."

இரண்டாம் நடை மிச்சமாகட்டும் என்றுதான் சொன்னேன். நான் சொன்னது முருகனோடு போயிற்று என்றிருந்தேன்.

"வந்தா கேசு போட மாட்டாங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

அந்தப் பதிலைத்தான் நம்பினேன்; வருகிறேன் என்றேன். ஞாயிறு நாலு மணி, செல்வி வீட்டில். பணக் கவர் கொண்டுபோகக் கூடாது என்றார். அவள் பேசி முடிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது.