சவரிக் கிழவர் குடித்த டீ

அன்பு மாறாத தங்கம் அக்கா,

நம் பதிப்பகத்துக்குப் பொன்விழா வந்துவிட்டது. செங்கல்பட்டில் அதே மாடி, அதே ஒட்டடை. உங்கள் நாற்காலியில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு இடமில்லை.

எந்தப் பழைய புத்தகங்களை மறுபடி போடலாம் என்று வாசகர்களைக் கேட்டோம். கேளம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் உப்பளக் கதைகளைக் கேட்டார். கல்பாக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே பறவைகளைப் பற்றி எழுதினாரே ஒருவர், அந்தப் புத்தகம் இல்லாமல் என்ன பொன்விழா என்று புதுப்பட்டினத்துக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஆனால் எல்லாரும் முதலில் கேட்டது கோவளத்து லாரன்ஸ் அண்ணனின் நாவலை. பட்டியலை அப்படியே மூடிவைத்துவிட்டேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் சவரிக் கிழவர் கடலில் செத்துப்போவார். பன்னிரண்டில் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிப்பார். அண்ணன் கதையை மாற்றி எழுதியபோது பழைய பக்கம் ஒன்று உள்ளே தங்கிவிட்டது. அதைப் பிடித்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். நான் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி வாய்விட்டுப் படிப்பேன், நீங்கள் எதிரே உட்கார்ந்து அச்சுத்தாளைப் பார்ப்பீர்கள். அன்றைக்கு ஒன்பதாவதில் இரண்டு பேரும் அழுதோம். பன்னிரண்டில் கிழவர் வந்ததும், "அப்பாடா, வந்துட்டாருடி!" என்றீர்கள். ஒரு கமாவைக்கூடத் தப்பவிடாத நாம், செத்த மனிதரைத் தப்பவிட்டோம்.

புத்தகம் வந்ததும் அண்ணன் மாடியேறி வந்து கத்திவிட்டுப் போனார். அப்புறம் நமக்கு ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. ஆஸ்பத்திரியிலும் நீங்கள் அந்த டீக்கடையைச் சொல்லியே புலம்பினீர்கள். உங்கள் கையால் அத்தனை நல்ல புத்தகங்கள் வெளிவந்திருக்க, இந்த ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு போனீர்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் துணிந்து கோவளம் போனேன். அண்ணன் சம்மதிக்காவிட்டால் அந்த நாவல் கிடையாது. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, அந்த டீ இன்னும் ஆறலியா?"

"திருத்திப் போட்டுர்றோம் அண்ணே."

"கை வெச்சே, அவ்ளோதான்! என் தம்பி கடலுக்குப் போய் வரல, தெரியுமில்ல? எங்கம்மா சாவுற வரிக்கும் அந்த டீக்கட பக்கத்தத்தான் படிக்கச் சொல்லும். 'சவரி வந்துட்டான் பாரு, இவனும் வருவான்'னு சொல்லிகினே இருந்துச்சு."

"அத ஏன் எங்ககிட்ட வந்து சொல்லல?"

"கத்திட்டு வந்துட்டேனே. எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றது? அக்கா பேர புஸ்தகத்துல போடும்மா. மொதப் பக்கத்துல போடு."

நீங்கள் இருக்கும்போதே அவர் இதை வந்து சொல்லியிருக்கக்கூடாதா, அக்கா?

நாளைக்கு அச்சுத்தாள் வருகிறது. முதல் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. பிரிண்டரைத் தரையில் இறக்கிவிட்டேன். உங்கள் நாற்காலியில் லாரன்ஸ் அண்ணன் உட்காரப்போகிறார், நான் வாய்விட்டுப் படிக்கப்போகிறேன். ஒரு கமாவைக்கூட விடமாட்டோம், இது சத்தியம். சவரிக் கிழவரை மட்டும் டீ குடிக்க விட்டுவிடுவோம்.

உங்கள் எதிர் நாற்காலித் தங்கச்சி,
மல்லிகா