லாரிப் பக்கத்து வரிசை

நவம்பர் 14, வெள்ளி

குருமட அதிபர் மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டார். குருவாவதற்கு முந்தின படியான திருத்தொண்டர் பட்டத்துக்குச் சம்மதமா, இல்லையா? ஞாயிறு திருப்பலி முடிந்து சொல்கிறேன் என்று நழுவி வந்தேன். பதில் தயாராகத்தான் இருக்கிறது. முடியாது. ஒரு வருடமாக ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை — வெறும் சுவர். இத்தனை வருடம் குருமடத்துச் சோறு தின்றுவிட்டு இதை எந்த முகத்தோடு சொல்வது? அம்மாவிடம் யார் சொல்வது?

அறைத்தோழன் தூங்குமூஞ்சியிடம் சொன்னேன். தியானத்தில் தூங்கி விழுவதால் நாங்கள் வைத்த பெயர். "சுவர் தெரியற அளவுக்காவது முழிச்சிருக்கியே" என்றான்.

நவம்பர் 15, சனி

அங்கி தேய்த்தாயிற்று. நாளை ஆயரின் வெள்ளிவிழாத் திருப்பலி. மைதானம் முழுக்க நாற்காலி. நற்கருணை அப்பம் கொடுக்க எனக்குக் கிடைத்தது தண்ணீர் லாரிகளுக்குப் பக்கத்தில், கடைசிப் பகுதி. நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 16, ஞாயிறு

திருப்பலியில் 'தூயவர்' கீதம் பாடியபோது மைதானமே ஒரே குரலாக எழுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அழுதேன் — நான்! இதோ பதில் என்று மனசு துள்ளியது. நற்கருணைப் பாத்திரத்தை ஏந்தி நடந்தபோது கால் தரையில் இல்லை.

அதுதான் வினை. வரிசையின் வால் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். போதாது என்று தோன்றினால் தொடக்கத்திலேயே அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க வேண்டும். எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம்தான். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு முழுசு முழுசாகக் கொடுத்திருக்கிறேன். குனிந்தபோது பாத்திரத்தின் அடி தெரிந்தது. பாதியாக, காலாக, நகக்கண் அளவாகப் பிட்டேன். தீர்ந்தது.

அடுத்து நின்றது மருத்துவமனைச் சீருடையில் ஒரு அம்மா. கை மேல் கை வைத்து நீட்டியிருந்தார்.

"தீர்ந்துபோச்சும்மா."

"நைட் டூட்டி முடிஞ்சு அப்படியே வந்தேன் பிரதர். நற்கருணை வாங்கணும்னு பச்சைத் தண்ணிகூட வாயில வைக்கல."

கோபப்படவில்லை. கையையும் மடக்கவில்லை.

"இங்கயே இருங்கம்மா, எடுத்துட்டு வந்துடறேன்."

அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு ஓடினேன். கூட்டம் வழி விட்டால்தானே? திரும்பி வந்தபோது இறுதி ஆசீர் முடிந்து, பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருந்தன. பாத்திரம் நிறைய வைத்துக்கொண்டு நிற்கிறேன், லாரிப் பக்கம் ஒருவரும் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் அதே பேச்சு. என்ன பாட்டு, என்ன கூட்டம்! நான் அதிபரிடம் போய் இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

நவம்பர் 19, புதன்

அக்கா போன் செய்தாள். அழுததைச் சொன்னேன்.

"என் கல்யாணத்துலயும்தான் தேம்பித் தேம்பி அழுத. அதுக்காக நீயும் கல்யாணம் பண்ணிக்கிட்டியா?"

சிரித்துவிட்டேன். பிறகு அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பாவம்டா. பசியோட அனுப்பிட்டியே."

நவம்பர் 20, வியாழன்

எனக்கு என்ன கிடைத்தது, எனக்கு என்ன கிடைத்தது — ஒரு வருடமாக இதே கேள்வி. சீ. அழுகை வந்தால் தங்குவது, வறண்டால் மூட்டை கட்டுவது, இது என்ன நியாயம்? சுவர் இன்று காலையும் அங்கேயேதான் இருந்தது. இருக்கட்டும். அந்தக் கைக்கு என்ன பதில்? யார்டா கொடுப்பாங்க அவங்களுக்கு?

நவம்பர் 22, சனி

அதிபர் அறைக்குப் போய்வந்தேன். அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

ஜூன் 8, திங்கள்

திருத்தொண்டராகி வந்த பங்குக் கோயிலில் காலைத் திருப்பலி. மழை. வந்தவர்கள் கொஞ்சம் பேர், பாட்டு கிடையாது. எனக்கும் சிலிர்ப்பெல்லாம் ஒன்றும் இல்லை. பங்குத்தந்தைக்குப் பக்கத்தில் நின்று நற்கருணை கொடுத்தேன். எல்லாரும் வாங்கிப் போன பிறகும் வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அருகில் வந்தார். "அவ்வளவுதான் சாமி, யாரும் இல்ல."

"ஒரு நிமிஷம் இருங்க" என்றேன்.