அம்பாசடர் பிளாக், எம்.ஜி. ஹெட்

பிப்ரவரி 3, திங்கள்

கணபதியில் காளிச்சாமி அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு இது பதினோராவது வருடம். இன்று அவிநாசியிலிருந்து ஒரு 1968 மாடல் அம்பாசடரை வேனில் கட்டி இழுத்து வந்தார்கள். சொந்தக்காரர் மாரியாத்தாள் அம்மா, தென்னந்தோப்புக்காரர். அறுபத்திரண்டு வயது, வண்டியைத் தானே ஓட்டுகிறார். போன மாதம் வால்பாறை மலைப்பாதையில் என்ஜினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட்டுவிட்டதாம்.

“என்ஜின் பார்க்கற சாரா நீதானா அம்மணி? நாப்பது வளைவும் இது ஏறோணும். ஒம்பதாவதுலயே உசுரை உட்டுருச்சு. பின்னால நின்ன பஸ்ஸுல அத்தனை பேரும் சிரிச்சானுங்க.”

ஏற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதை வைத்து?

பிப்ரவரி 12

அம்பாசடர் ஹெட் நான்கு பார்த்தேன். நான்கிலும் விரிசல். உக்கடம் பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்த கியர் பெட்டிகளுக்கு அடியில் வேறொன்று கிடைத்தது. எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காருடையது. இரண்டும் ஒரே இங்கிலாந்து என்ஜின் குடும்பம், போல்ட் துளைகள் பொருந்துகின்றன. வால்வுகள் பெரியவை, காற்றை நன்றாக இழுக்கும். ஒரே சிக்கல் – வால்வு கீழே இறங்கும்போது அடியில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் விளிம்பில் இடிக்கும். அந்த இடத்தைப் பிறை மாதிரி வெட்டி எடுக்க வேண்டும்.

“கலப்பட என்ஜின். வேண்டாம் சாரா” என்றார் அண்ணன்.

மாரியாத்தாள் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏறுமா?”

“ஏறுமுங்க.”

“அப்பப் போடு.”

பிப்ரவரி 21

வெட்டியாயிற்று. கை கிரைண்டரில், நான்கு சிலிண்டருக்கு நான்கு பிறை. ஆழம் கொஞ்சம் கூடினாலும் பிஸ்டன் ரிங் வரை இறங்கிவிடும், அப்புறம் பிளாக்கையே தூக்கிப் போட வேண்டியதுதான். வெட்டிய பள்ளத்தில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்தேன். களிமண்ணில் வால்வின் தடம். அடியில் இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம். போதும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல், கையில் கிரீஸ். பழைய ஜாகுவார் ஒன்றின் கார்புரேட்டரையும் மாட்டினேன். மூன்றாவது முறை சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது.

மார்ச் 7

மாரியாத்தாள் அம்மாவின் மகன் கதிர்வேல் வந்திருந்தார். பழைய கார் சங்கத்தில் ‘அசல்’ என்று சான்றிதழ் வாங்கி, பெங்களூர்க்காரர் ஒருவருக்கு வண்டியை விற்கப் போகிறாராம். “ஹெட்டுல இருக்கற எம்.ஜி. நம்பரை அரைச்சுப்போட்டு, அம்பாசடர் நம்பரைக் குத்திருங்க.”

“அம்மாவுக்குத் தெரியுங்களா?”

“அதை நான் பாத்துக்கறேனுங்க.”

அண்ணனும் அவர் பக்கம். “செஞ்சுபோடு கண்ணு. ரெண்டு நிமிச வேலை.”

முடியாது என்றேன். நம்பரை நம்பி வாங்குகிறவர் நாளைக்கு ஹெட்டுக்கு அடியில் அம்பாசடர் கேஸ்கட்டைத்தான் போடுவார். அது இந்த ஹெட்டுக்குத் தாங்காது, வழியில் எரிந்துபோகும். “நான் சேர்த்து வெச்சதைச் சேர்க்கலைன்னு எங்கையாலயே பொய் குத்த மாட்டேனுங்க.”

“அப்ப நாளைக்கு வராதே” என்றார் அண்ணன்.

ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 8

பதினோரு வருசம்! ஒரு நம்பருக்காகவா? ஆமா, ஒரு நம்பருக்காகத்தான். நான் அழுவேன்னு நெனச்சாங்களா?

“போய் மன்னிப்புக் கேட்டுரு” என்றார் அப்பா.

“எதுக்குப்பா?”



மார்ச் 11

மாரியாத்தாள் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் என்னைக் காணோம் என்று விலாசம் கேட்டு வந்திருக்கிறார். மகனைப் பற்றி ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“வண்டியோட ஆர்.சி. எம்பேர்ல இருக்குது கண்ணு” என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

இரண்டு மணி நேரத்தில் தெருமுனையில் அம்பாசடர். ஓட்டி வந்தது அவர்தான். பின் சீட்டில் கதிர்வேல், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. பானெட்டைத் திறந்து பார்த்தேன். நம்பர் அப்படியே இருந்தது. அண்ணனும் அதைத் தொடவில்லை. ஏன்?

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது கியர். மாரியாத்தாள் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் வளையல்கூட அசையவில்லை. ஒன்பதாவது வளைவைத் தாண்டினோம். பத்தாவதில், “என்ன அம்மணி, மூச்சு உடலாமா?” என்றார்.

நாற்பதாவதைத் தாண்டி ஓரமாக நிறுத்தினோம். பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, “இது என்ன என்ஜினுங்கம்மா? எங்க பஸ்ஸை முந்தவே உடலீங்களே!” என்றார்.

அம்மா பானெட்டைத் தூக்கினார். “பிளாக்கு அம்பாசடரு. ஹெட்டு எம்.ஜி. கார்புரேட்டரு ஜாகுவாரு. வேலை இந்தப் புள்ளையோடது.”

பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் தள்ளிப் போய் தேயிலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். இப்போதுதான் அழுகை வந்தது, சனியன்.

ஏப்ரல் 28

சிங்காநல்லூரில் எனக்கென்று ஒற்றை ஷட்டர் கடை. போர்டு இன்னும் மாட்டவில்லை. காலையில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. உள்ளே ஒரு பிளாக், பக்கத்தில் காளிச்சாமி அண்ணன். வால்பாறை போன வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருவர் இதே மாதிரி கேட்டாராம். அண்ணன் ஆள் வெட்டி ஒரு பிளாக் பாழ். இது இரண்டாவது.

“எவ்வளவு ஆழம் வெட்டினே சாரா?”

“நானே வெட்டித் தாரேனுங்க. ஆனா எது எந்த வண்டியோடதுன்னு பில்லுல எழுதுவேன். எம்பேரையும்.”

 அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“ஒரு பக்கம் பிடி. கனமா இருக்குது.”