ரூத்தின் எடை

மார்ச் 4, செவ்வாய்

நான்கு முறை துணி துவைத்தாயிற்று. நாளை சாம்பல் புதன். ஆலயத்துக்கு என் பங்கு பட்டாணி சூப்.

பத்தரை மணிக்குப் பார்சல் வந்தது. நவம்பரில் நகோமி செத்ததிலிருந்து தையல் அறைக் கண்ணாடிப் பெட்டி காலியாகவே கிடந்தது. பதினோரு வருடம் வளர்த்த மலைப்பாம்பு. அவள் இடத்துக்கு இவள். விளம்பரத்தில் படம் பார்த்த அன்றே ரூத் என்று பேர் வைத்துவிட்டேன்.

பெட்டியைப் பிரித்தால், வழியில் பாம்புக்குக் குளிராமலிருக்க வைக்கிற சூட்டுப் பை பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது! வெளியே உறைபனி. துணிப்பைக்குள் ரூத் பந்தாகச் சுருண்டு, தலையை உள்ளே புதைத்து, கல்லாக இருந்தாள். எடை 412 கிராம். விற்றவன் எழுதியது 480. டேரில் பிக்கெட், அர்க்கான்சாஸ்காரன். வீட்டிலேயே பாம்பு வளர்த்து இணையத்தில் விற்கிறான். உடனே போன் போட்டேன்.

"நான் கட்டும்போது நல்லாத்தான் சூடா இருந்துச்சு மேடம்."

இருந்துச்சாம். மூச்சு இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 5, புதன்

410. இரண்டு கிராம் போய்விட்டது. படம் எடுத்து வைத்தேன், தேதியோடு. இந்த ஆள் நாளைக்கு எதையாவது மறுத்தால்?

மார்ச் 8, சனி

407. முன்னும் பின்னும் வயிற்றுப் பக்கமும் படம் எடுத்தேன். என் வீட்டுக்காரர் ரஸ்ஸல் வாசலில் காப்பியோடு நின்று பார்த்தார்.

"பாம்பு வளக்கறியா, கேஸுக்குச் சாட்சி சேக்கறியா?"

இந்த மனிதருக்கு எல்லாம் விளையாட்டு.

மார்ச் 11, செவ்வாய்

உறையவைத்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் ஆட்டிக் காட்டினேன். ரூத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒவ்வொரு வியாழனும் ஒரு எலி, தட்டாமல் சாப்பிடுவாள்" என்று அவன் கைப்பட எழுதிப் பார்சலில் வைத்த அட்டை இதோ என் முன்னால் இருக்கிறது. பொய். பச்சைப் பொய்.

அவனுக்கு எழுதினேன். பதில்: "புது வீடு மேடம். ரெண்டு வாரம் அவளச் சும்மா விட்டுப் பாருங்க."

எனக்குச் சொல்லித் தருகிறானா! புதுப் பாம்பைத் தொடாதே, எடுக்காதே, ஒளிந்துகொள்ள விடு — இணையத்தில் பாம்பு வளர்ப்போர் மன்றத்தில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன். நூலகத்தில் இருக்கும் பாம்புப் புத்தகமெல்லாம் படித்தவள் நான். இவன் என்ன படித்தான்?

மார்ச் 13, வியாழன்

தொடவில்லை. 401.

மார்ச் 19, புதன்

ஆலயத்தில் சூப் விருந்து. எங்கள் சபை ஓபல் எல்லார் காதிலும் விழும்படி, "ஏவாளுக்கே ஒரு பாம்புதான் வந்துச்சு. உனக்கு ரெண்டாவது கேக்குதோ?" என்றாள். மேஜையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஓபலின் ரொட்டி உள்ளே வேகவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போதகர் இன்று கோபத்தைப் பற்றிப் பேசினார். டேரில் பிக்கெட் கேட்டிருக்க வேண்டிய பிரசங்கம்.

வீட்டுக்கு வந்ததும் எடை பார்த்தேன். 392. மூன்றாவது எலியும் குப்பைக்கு. ரஸ்ஸல் சொல்கிறார், "லெந்து நோன்பு முடிஞ்சுதான் வாயத் தொறப்பா போல. உன்னவிடப் பக்தி!" கரண்டியை அவர் மேல் எறியாமல் வைத்தது கிருபை.

மார்ச் 25, செவ்வாய்

379. முதுகெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. கை வைத்தால் என் விரலில் படுகிறது அந்த எலும்பு. இவளையும் நான் துணியில் சுற்றித் தோட்டத்தில் புதைக்க வேண்டுமா? அஞ்சு மாசத்துல ரெண்டாவது குழியா? முடியாது. என்னால முடியாது.

நாலு நாளாக அவனிடமிருந்து பதிலே இல்லை. எழுதிவிட்டேன் — மன்றத்தில், விற்பவர்களைப் பற்றி எச்சரிக்கும் பகுதியில். அவன் முழுப் பெயர், ஊர், சூட்டுப் பையின் படம், பொய் அட்டை எல்லாம் போட்டேன். அங்கே போட்டதை யாரும் அழிக்க முடியாது. அழிக்க வேண்டாம். அழியாமலே இருக்கட்டும்.

மார்ச் 27, வியாழன்

முப்பத்தொரு பதில்கள். "இவனெல்லாம் பாம்பு விக்கறதுக்குப் பதிலா செருப்பு விக்கலாம்" என்று ஒருவர். தேவனே மன்னியும், படிக்கப் படிக்க இனித்தது.

ஹெஸ்டர் என்று ஒருத்தி, முப்பது வருடமாக வளர்ப்பவள், எடைக் குறிப்பு முழுவதையும் கேட்டாள். பெருமையாக அனுப்பினேன். என் குறிப்பில் ஒரு எடை விட்டுப் போயிருக்காது.

மார்ச் 29, சனி

ஹெஸ்டரின் பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"வெர்னா, கோவிச்சுக்காத. இருபத்தினாலு நாள்ல இருபத்திரண்டு தடவ தூக்கித் தராசுல வச்சிருக்க. அதுக்கு மேல படம் வேற. அந்தப் பொண்ணு எப்பத்தான்மா ஒளிஞ்சுக்குவா?"

அவளுக்கு என்ன தெரியும்! சாட்சி இல்லாமல் யார் நம்புவார்கள்? சூட்டுப் பை சில்லென்று வந்தது பொய்யா?

நானே எண்ணினேன். இருபத்திரண்டு.

மார்ச் 30, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. ரஸ்ஸல் கேட்டார், தலைவலி என்றேன்.

நூறு பேருக்கு எழுதினாயே, வெர்னா. ஒரு தடவை நீ படித்தாயா? மார்ச் 13-இல் "தொடவில்லை" என்று எழுதி, அடுத்த வார்த்தையே எடை எழுதியிருக்கிறாய். தராசு தானாக நடந்து போய் அவளைத் தூக்கியதா? அவனைப் பிடிக்கணும், பிடிக்கணும்னு அவளையே பிடிச்சுப் பிடிச்சு — சீ.

கண்ணாடிப் பெட்டியை மூன்று பக்கமும் போர்வையால் மூடினேன். பொந்து மாதிரி இன்னொரு மறைவிடமும் வைத்தேன். தராசை ரஸ்ஸலிடம் கொடுத்தேன். "வண்டியில பூட்டி வைங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"கெஞ்சினா?"

"கெஞ்சினாலும்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

தண்ணீர் மட்டும் மாற்றினேன். பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

டேரிலுக்குப் போன் போட்டேன். எடுப்பான் என்று நினைக்கவில்லை.

"சூட்டுப் பை என் தப்புதான் மேடம். பழைய சரக்கு, மலிவா வாங்கினேன். எடை, அவ எலி முழுங்கின மறுநாள் போட்டது. அதையும் சொல்லியிருக்கணும். ஆனா அவ சாப்பிட்டது நிஜம். என் பொண்ணுதான் எலி குடுப்பா. நீங்க போட்டதப் படிச்சிட்டு அழுதா. இப்ப பாம்பு வாங்கறதா இருந்த மூணு பேர் வேண்டாம்னுட்டாங்க."

"பதில் ஏன் போடல?" என்று கேட்டேன். குரலை உயர்த்தித்தான்.

"ஒரு நாளைக்கு நாலு தடவ எழுதித் திட்டினா யார் மேடம் பதில் போடுவா?"

போனை வைத்துவிட்டேன். அவன் மேல் இன்னும் பாதிக் கோபம் இருக்கிறது. சூட்டுப் பைக்கு உண்டான பாதி. மீதியை எங்கே வைப்பது?

ஏப்ரல் 6, ஞாயிறு

திறக்கவில்லை. வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

வியாழன் என்றுதானே அட்டையில் இருக்கிறது. சாயங்காலம் எலியை இளக்கி, பொந்தின் வாசலில் வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தினேன். இடுக்கியை ஆட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்று ஜெபித்தேன். எட்டிப் பார்க்காமல் இருக்கப் பெலன் தாரும் என்று மட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

வாசலில் எலி இல்லை.

மன்றத்தில் அதே தலைப்பின் கீழ் எழுதினேன். முதலில் சூட்டுப் பை, அது அவர் தவறு. பிறகு இருபத்திரண்டு, அது என் தவறு. அவர் முழுப் பெயரைப் போட்டது போலவே என் முழுப் பெயரையும் போட்டேன். அதுவும் அழியாது. முதல் பதில் வந்தது: "பாம்புக்குப் பதிலா ஒரு கல்ல வாங்கியிருக்கலாம் நீ." இருக்கட்டும்.

டேரிலின் மகளுக்குத் தனியாக ஒரு வரி எழுதினேன்: நீ வளர்த்தவள் நேற்றுச் சாப்பிட்டாள்.

ரஸ்ஸல் தராசைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். திரும்ப எடுத்துப் போகச் சொன்னேன்.

குறிப்பு: ரூத். எலி, ஒன்று. எடை, தெரியாது.