நூற்றிருபத்தாறாவது பந்து

அன்புள்ள எர்சிலியா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மெக்சிகோவில் நான் சுகம்.

ஞாயிறன்று பேஸ்பால் ஆட்டத்தில், எட்டுச் சுற்று வரை நம் மருமகன் ரெய்முண்டோவின் பந்தை ஒருவராலும் அடித்து ஓட முடியவில்லை. அப்படி எறிபவனிடம் யாரும் பேசக்கூடாது, பேசினால் ராசி போய்விடும் என்பார்கள் என்பது உனக்கே தெரியும். பந்துகளை எண்ணுவது என் வேலை. நூறு தாண்டியதும், இனி கை தாங்காது என்று சொல்ல எழுந்தேன்.

"வாயத் தொறந்தீருன்னா பெருசு, ராசி போன பாவம் உமக்குத்தான்" என்றார் பயிற்சியாளர். உட்கார்ந்துவிட்டேன்.

நூற்றிருபத்தாறாவது பந்தில் முழங்கைத் தசைநார் அறுந்தது. இனி அவனால் எறிய முடியாதாம்.

"விடுங்க மாமா, நீங்க சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன்" என்கிறான். கேட்டிருப்பான் என்றே நினைக்கிறேன்.

கட்டின்மேல் போட, கை அகன்ற சட்டை இரண்டு அனுப்பு. எனக்குக் கொஞ்சம் கொய்யா மிட்டாய். மகளிடம் கை போனதை நீ சொல். எண்ணிக்கொண்டே பேசாமல் இருந்ததை நான் நேரில் சொல்கிறேன், தைரியம் வந்தால்.

தபால்காரர் நிற்கிறார்.

எலாடியோ