முரலுக்கு வைத்த சந்தனப் பொட்டு

புதுப்பட்டினம்,
அக்டோபர் 27, ஞாயிறு.

அன்புள்ள வைஷாலிக்கு,

இங்கே நானும் உன் முரல் மீனும் நலம். மீன் விஷயத்தில் நலம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் எனக்கு 'ம்', 'சரி', 'சாப்பிட்டியா' இந்த மூன்றுக்கு மேல் வராது என்று கல்யாணமான இந்த ஒன்பது வருஷமாக நீதானே சொல்கிறாய்.

மழை பிடித்துக்கொண்டது. போன வாரம் மாடித் தொட்டி நிரம்பி வழிந்ததில், முரலுக்குத் தீனியாக நீ வளர்த்த கப்பி மீன்களில் பாதி மழைக்குழாய் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டன. அவற்றுக்கு நல்ல காலம். எனக்குத்தான் திண்டாட்டம். உன் மீன் செத்ததைத் தொடாது, தரையில் கிடப்பதையும் தொடாது. கண் முன்னால், மேல்மட்டத் தண்ணீரில், உயிரோடு ஓட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாவிடம் சொல்லி, கால்வாயில் பிடித்த பொடி இறாலை உயிரோடு ஒரு பாட்டிலில் வாங்குகிறேன். "இன்னா சார், ஊரு ஒலகமே மீனைத் துன்னுது, நீ மீனுக்குத் துன்ன வாங்கினு கீறே" என்று தெருவே கேட்கும்படி சிரிக்கிறாள். சிரித்தாலும் பாட்டில் தவறாமல் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளக்கைச் சட்டென்று போடக் கூடாது, மூடியைத் திறந்து வைக்கக் கூடாது, தொட்டி முன்னால் கையை ஆட்டக் கூடாது என்று நீ மூன்று கட்டளை போட்டுவிட்டுப் போனாய். மூன்றையும் காப்பாற்றினேன். ஆனாலும் வாசலில் கூரியர்காரர் பெல் அடித்தால் போதும், தண்ணீர் மட்டத்தில் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி அசையாமல் கிடக்கும் மீன் ஒரே பாய்ச்சலில் போய், ஊசி மாதிரி நீண்ட அலகால் கண்ணாடியில் முட்டும். பாவம், அதற்குக் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வாயலூர் தடுப்பணையில் விரல் நீளத்தில் பிடித்த குஞ்சு. அங்கே ஏது சுவர்?

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்த கை, வீட்டில் சும்மா இருக்குமா? ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், உன் பழைய கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். சந்தனம் நிறைய மீந்துவிட்டது. மீன் தொட்டியிலும் மோட்டார் இருக்கிறதே, அதுவும் ஒரு மெஷின்தானே என்று நான்கு பக்கக் கண்ணாடியிலும், தண்ணீர் மட்டத்துக்கு நேராக, வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமமும் வைத்தேன். பொரியைத் தண்ணீரில் போடவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது.

மறுநாள் பெல் அடித்தது. மீன் பாய்ந்தது. பொட்டுக்கு ஒரு ஜாண் முன்னாலேயே அழகாகத் திரும்பிக்கொண்டது! வாசலில் நின்ற கூரியர்காரரையே மறந்துவிட்டேன்.

இதைப் பார்த்த பிறகும் ஒரு மடத்தனம் செய்தேன். இரண்டு நாளில் சந்தனம் காய்ந்து உதிர ஆரம்பித்தது. நீ வீடியோவில் பார்த்தால் கண்ணாடி இப்படியா இருக்கும் என்று திட்டுவாயே என்று பயந்து, ஈரத்துணியால் பளபளவென்று துடைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே 'டக்' என்று சத்தம். மேல் அலகின் நுனி ஒரு அரிசி அளவுக்கு உடைந்துவிட்டது. நான்கு நாள் ஒன்றும் தின்னவில்லை. மூலையில் சாய்ந்து கிடந்தது.

அந்த நான்கு நாளும் நீ போனில் மீன் எப்படி என்று கேட்டாய். நன்றாக இருக்கிறது என்றேன். பொய் சொன்னேன், மன்னித்துக்கொள். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரு வருஷம் ராஜஸ்தான் ஆய்வுக்கூட வேலையிலேயே இருக்கச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறார்களே, அதற்கு நான் 'உன் இஷ்டம்' என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மீன் சாய்ந்து கிடந்த இரண்டாம் நாள், இது செத்துப் போனால் 'பார், நீ இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது, வந்துவிடு' என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். ஆனால் நினைத்தேன். அப்புறம் அந்த மீனை நேராகப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அன்றே சந்தனம் குழைத்து மறுபடியும் பொட்டு வைத்தேன். தினமும் ஒரே ஒரு இறாலை அதன் மூக்குக்கு நேராக விட்டேன். கன்னியம்மா உள்ளே வந்து எட்டிப் பார்த்து, "அது பொழைக்கும் சார், கண்ணு தெளிவா கீது. நீ இன்னாத்துக்கு சோறு துன்னாம கீறே" என்று அதட்டிவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் காலை, உடைந்த அலகாலேயே பக்கவாட்டில் வெட்டிப் பிடித்தது பார், எனக்குக் கைதட்டத் தோன்றியது. கட்டளை நினைவுக்கு வந்ததால் தட்டவில்லை. இப்போது நாளுக்கு ஆறேழு தின்கிறது.

அதனால் சொல்கிறேன். 'உன் இஷ்டம்' என்று நான் சொன்னதை மறந்துவிடு. அது கோபத்தில் சொன்னது. இது யோசித்துச் சொல்வது: அந்த ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு. அவர்கள் கேட்டபடி நவம்பர் பத்தாம் தேதிக்குள் போடு. மனசு உன்னைத் தேடத்தான் செய்கிறது, தினமும் தேடுகிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் நீ இத்தனை வருஷம் படித்துக் காத்திருந்த வேலையை என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டு வந்தால், அந்த முகத்தோடு நான் எப்படிக் குடித்தனம் நடத்துவது? நானும் மீனும் சமாளித்துக்கொள்வோம்.

பொங்கலுக்கு மட்டும் கட்டாயம் வந்துவிடு. கண்ணாடியில் பொட்டு இருக்கும், துடைக்கச் சொல்லாதே.

உறைக்குள் ஆயுத பூஜைக் குங்குமம் மடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வீட்டில் உன் மெஷினுக்கெல்லாம் வைத்தேன், அங்கே இருக்கும் உன் மெஷினுக்கு வைக்க ஆள் இல்லை. உன் ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து ஒரு பொட்டு வை. மீதியை நீ வைத்துக்கொள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

உன்,
ஹரிகிருஷ்ணன்