முன்வரிசையில் ஒருவர்

மட்சுயே,
ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

போனை அணைத்துவிட்டேன், அதனால்தான் கடிதம். ‘கவலைப்படாதே’ என்று தொடங்க நினைத்தேன். முடியவில்லை.

குராமொச்சி என்று ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, எங்கள் ‘ஈரச் செருப்பு’ இசைக்குழுவுக்கு ஆளே வராத காலத்திலிருந்து வருகிறவர். யொனாகோ, ஒகயாமா, எங்கே வாசித்தாலும் ரயிலேறி வந்து முன்வரிசையில் நிற்பார். நாங்கள் வாசிக்கும் இடங்களில் மேடை முழங்கால் உயரம்தான். கையை நீட்டினால் என் கிட்டாரைத் தொட்டுவிடலாம். முடிந்ததும் எங்கள் குழுவின் பெயர் போட்ட பனியன் ஒன்றை வாங்கிக்கொண்டு, “இன்னைக்கு ரொம்ப மூச்சு வாங்கினீங்க மினோரி-சான், ஒடம்ப பாத்துக்குங்க” என்பார். எனக்கு நெகிழ்ந்துபோகும்.

போன சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தார். “பால்கனில நீலத் துண்டக் காயப்போட்டுட்டு வந்துட்டீங்களே, மழை வருதே” என்றார்.

அக்கா, என் வீடு எங்கே என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. அன்று இரவே என் போனுக்குச் செய்தி வந்தது: ‘துண்டு நனைந்துவிட்டது.’

டிரம்ஸ் வாசிக்கும் டெப்பெய்யிடம் சொன்னேன். “நமக்குன்னு இருக்கறதே அந்த ஒரு ரசிகர்தான். அவரையும் வெரட்டிட்டு செவுத்துக்கா வாசிக்கறது?” என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். பிறகு வீட்டுக்குப் போய்த் திரைச்சீலைகளை ஊசி குத்தி மூடினேன்.

உன்,
மினோரி

*

ஹமாடா,
ஜூன் 9

மினோரிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் மீன் பொரித்துக்கொண்டே படித்தேன். ஒரு சட்டி மீனும் கருகிப்போயிற்று. உன் அத்தான்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

முதலில் போலீசிடம் போ. பிறகு கிட்டாரை மூடி வைத்துவிட்டு ரயிலேறு. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. உன் பாட்டு எனக்குப் பிடிக்காது என்று உனக்கே தெரியும். அந்த இரைச்சலுக்காக இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா? முன்னோரைக் கும்பிடும் ஓபோன் விடுமுறைக்கும் வரவில்லை, புத்தாண்டுக்கும் வரவில்லை. இப்போதாவது வாயேன்.

அக்கா,
ஹிசாயோ

*

மட்சுயே,
ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

போலீசிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டார்கள். இப்போது தோழி வீட்டில் தங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒப்புக்கொண்ட கச்சேரியை விட மனம் வரவில்லை. சனிக்கிழமை பாடினேன். அவரும் வந்திருந்தார், அதே இடத்தில். இரண்டாவது பாட்டில் எனக்கு வரி மறந்துபோயிற்று. அவர் புன்னகைத்துக்கொண்டே அந்த வரியை மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

அதற்குமேல் என்னால் பாட முடியவில்லை. மைக்கிலேயே சொன்னேன்: “குராமொச்சி-சான், என் வீட்டுப் பக்கம் வராதீங்க. இங்கயும் வராதீங்க.” என் குரல் நடுங்கியது. ஒலிபெருக்கி அந்த நடுக்கத்தையும் பெரிதாக்கிக் கேட்க வைத்தது.

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “கை தட்டினதத் தவிர நான் என்னங்க பண்ணேன்?”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தப்பு என்னுடையதுதானோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அப்போது டெப்பெய் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு இறங்கி, எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். “போயிடுங்க” என்றான். அரங்கை நடத்தும் ஒகாசே எல்லா விளக்குகளையும் போட்டார். குராமொச்சி ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் போலீஸ் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தது. டெப்பெய் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். ஆனாலும் ஒத்திகை அறையில் கதவு திறக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டு மறந்துபோகிறது. ஜூலை 9 யொனாகோவில் பாட வேண்டும். பாடுவதை விடமாட்டேன், அக்கா. ஆனால் அரங்கின் கதவைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பாடுவது?

மினோரி

*

ஹமாடா,
ஜூன் 29

என் மினோரிக்கு,

இனிமேல் உன்னை இங்கே வரச்சொல்லி எழுதமாட்டேன்.

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். மதியச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினார். நல்ல மரியாதை. கையில் வாங்கிக்கொண்டு, “உங்க தங்கச்சிக்கும் இதே குரல்தான். யொனாகோவுக்கு நீங்களும் வருவீங்கல்ல?” என்றார். பெட்டியைக் கட்டித்தந்த துணியின் முடிச்சைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் கடைக் கதவைத் தாழிட்டேன். இதுவரை உன் பயத்தைக் கடிதத்தில் படித்தேன். நேற்று அதற்குச் சோறு கட்டிக் கொடுத்தேன்.

உன் அத்தான் உடனே போலீசுக்குப் போன் செய்தார். எச்சரித்த பிறகும் இப்படிச் செய்தால் சும்மா விடமாட்டோம் என்றார்கள். தேடுகிறார்களாம். அதுவரை கடை மூடியிருக்கும்.

ஒன்பதாம் தேதி நான் யொனாகோவுக்கு வருகிறேன். “ஒனக்குத்தான் அந்தப் பாட்டே ஆகாதே!” என்றார் அத்தான். “பாட்டு கேக்கவா போறேன்?” என்றேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த முகம் எனக்கு இப்போது தெரியும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி நிற்பேன். நீ கதவைப் பார்க்காதே. என் முதுகைப் பார்த்துப் பாடு.

அக்கா